மார்ட்டின் வீடு வைத்தாகிவிட்டது, பறவை ஏன் வரவில்லை?

நீங்கள் கேட்டது இது: டாலஸுக்கு வடக்கே போன வருடம் வீடு வாங்கினீர்கள். இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவரின் தோட்டத்தில், உயரமான கம்பத்தில் வெள்ளைக் குடுக்கைகள் தொங்குகின்றன. காலையில் பர்பிள் மார்ட்டின் என்ற கருநீலப் பறவைகள் அவற்றைச் சுற்றிக் கும்மாளமிடுகின்றன. கொசுவை ஒழித்துவிடும் என்று யாரோ சொல்ல, நீங்களும் 12 அறை கொண்ட அலுமினியப் பறவை வீடு ஒன்றை வாங்கிப் பின்வேலி ஓரம், ஓக் மரத்துக்குப் பக்கத்தில் நட்டீர்கள். மார்ச் முழுக்கக் காத்திருந்தும் சிட்டுக்குருவிதான் குடிவந்தது. ஊர் ஞாபகத்தில் அதை விரட்ட மனமில்லை. ஏப்ரல் நடுவில் எல்லாவற்றையும் கழற்றி கராஜில் போட்டுவிட்டீர்கள். எங்கே தப்பு, இந்த வருடம் என்ன செய்வது?

நான் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் 11 வருடமாக மார்ட்டின்களுக்கு வீடு வைத்துப் பார்த்துவருகிறேன். முதல் வருடம் எனக்கும் ஒன்றுகூட வரவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் மூன்று சறுக்கல்: மரத்தை ஒட்டி நட்டது, சிட்டுக்குருவியைக் குடியிருக்க விட்டது, ஏப்ரலில் கழற்றியது. மூன்றிலும் பெரியது கடைசியில் சொன்னதுதான்.

பர்பிள் மார்ட்டின் தகைவிலான் (ஸ்வாலோ) குடும்பத்துப் பறவை. வட அமெரிக்கத் தகைவிலான்களில் இதுதான் பெரியது. சுமார் 20 செ.மீ. நீளம், 50 கிராமுக்குச் சற்று மேல் எடை. குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில், பெரும்பாலும் பிரேசிலில் கழித்துவிட்டுத் திரும்பும். டெக்சாஸின் தென்கோடிக்கு ஜனவரியிலேயே வந்துவிடும். உங்கள் பக்கம் பிப்ரவரியில் தலைகாட்டும். ஆனால் அப்படி முதலில் வருபவை எல்லாம் வயதான பறவைகள். போன வருடம் எந்தக் கம்பத்தில் குஞ்சு பொரித்துப் பறக்கவிட்டனவோ, நேராக அதே கம்பத்துக்குப் போகும். இவற்றை இங்கே 'ஸ்கவுட்' என்கிறார்கள். முன்னால் வந்து வேவு பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் கூட்டத்தைக் கூட்டிவரும் என்று ஒரு கதையும் உண்டு. அப்படி எதுவும் இல்லை. தன் பழைய வீட்டுக்கு முந்திக்கொண்டு வந்த பறவை, அவ்வளவுதான். உங்கள் புது வீட்டை அது ஏறெடுத்தும் பார்க்காது.

உங்களுக்கு வரப்போவது போன வருடம் பிறந்த குஞ்சு. இப்போது அதற்கு ஒரு வயது, முதல் முறையாகக் குடும்பம் நடத்த இடம் தேடுகிறது. இந்த இளம் பறவைகள் பெரியவற்றுக்கு 4 முதல் 12 வாரம் பின்னால்தான் வருகின்றன. உங்கள் பகுதியில் மார்ச் பிற்பாதியில் தொடங்கி மே வரைக்கும், சில ஜூனிலும்கூட வந்துகொண்டிருக்கும். வளர்ந்த ஆணுக்கு உடம்பு முழுக்க ஒரே கருநீலம், வெயிலில் ஊதாவாக மின்னும். இளம் ஆணின் தொண்டையிலும் வயிற்றிலும் கருநீலம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், அடிப்பக்கத்தில் மற்ற இடம் சாம்பல். அந்தத் திட்டு விழுந்த பறவைதான் உங்கள் விருந்தாளி. அது வீடு தேடி வந்த நேரத்தில் உங்கள் வீடு கராஜில் இருந்திருக்கிறது.

எனவே இந்த வருடம் பிப்ரவரியில் பரபரக்க வேண்டாம். அந்தப் பெரியவருக்கு முதல் பறவை வந்து நாலு வாரம் கழித்து வாசல்களைத் திறந்தால் போதும். திறந்தபின் ஆகஸ்ட் முடியும்வரை மூடாதீர்கள். அந்த வருடம் ஒன்றுமே வராவிட்டாலும் ஆகஸ்ட்வரை விட்டுவைக்க ஒரு காரணம் உண்டு: கூட்டைவிட்டுக் கிளம்பிய குஞ்சுகளும் ஜோடி கிடைக்காத இளம் பறவைகளும் கோடைக் கடைசியில் சுற்றுவட்டாரத்தைச் சுற்றி அடுத்த வருடத்துக்கு இடம் பார்த்து வைத்துக்கொள்கின்றன.

இரண்டு வீடு தள்ளி ஏற்கனவே ஒரு காலனி, அதாவது மார்ட்டின்கள் கூட்டமாகக் குடியிருக்கும் கம்பம், இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பெரியவர் வீட்டில் இடம் கிடைக்காமல் விரட்டப்படும் இளசுகள் முதலில் பார்ப்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான். காலனியே இல்லாத ஊரில் மூன்று, நான்கு வருடம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இடத்துக்கு வருவோம். மார்ட்டின் பறந்தபடியே பூச்சி பிடித்து, பறந்தபடியே குளத்து நீரை அலகால் மொண்டு குடிக்கும் பறவை. வீட்டுக்கு வரும்போதும் நீண்ட சரிவாக, தடையில்லாமல் சறுக்கி வரவே விரும்பும். கம்பத்தைச் சுற்றி 40 அடிக்குள் உயரமான மரம் இருக்கக் கூடாது. 60 அடி தள்ளியிருந்தால் இன்னும் நல்லது. மரம் வழியை அடைப்பது ஒரு பக்கம். நம் ஊர் வல்லூறுக்கு உறவான கூப்பர்ஸ் பருந்து இலை மறைவில் உட்கார்ந்திருந்து பாயும் என்பது இன்னொரு பக்கம். அந்தப் பயம் மார்ட்டினுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது.

சரி, மரம் இல்லாத இடமென்று தோட்டத்தின் கடைக்கோடிக்குக் கொண்டுபோகவும் கூடாது. மனிதர் நடமாட்டத்துக்குப் பக்கத்தில், வீட்டிலிருந்து 30 முதல் 120 அடிக்குள் இருந்தால்தான் மார்ட்டினுக்குத் தைரியம். மனிதர் இருக்கும் இடத்தில் பருந்தும் ஆந்தையும் தயங்கும் என்று அது கணக்குப் போடுகிறது. குழந்தைகள் ஓடினாலும் புல்வெட்டும் மெஷின் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. உங்கள் தோட்டத்தின் நடுப் புல்வெளிதான் சரியான இடம். உயரம் 12 முதல் 15 அடி. கம்பம் நடும் முன் 811 என்ற எண்ணுக்குப் போன் செய்து பூமிக்கடியில் கேஸ் குழாய், கரண்ட் வயர் எங்கே போகிறது என்று குறித்துவாங்கிக்கொள்ளுங்கள், அது இலவசம். உங்கள் குடியிருப்பில் ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் கம்பத்துக்கு அனுமதி வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

கம்பத்தை வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வீடு மேலே ஏறி இறங்க வேண்டும். கயிறும் கப்பியும் வைத்ததோ, ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் குழாயோ, எதுவாக இருந்தாலும் சரி. ஏணி போட்டால்தான் எட்டும் என்ற வீட்டை யாரும் வாரம் ஒருமுறை பார்க்க மாட்டார்கள். பார்க்காத வீடு ஒரே வருடத்தில் குருவி வீடாகிவிடும்.

இப்போது சிட்டுக்குருவி. இதை எழுதும்போது எனக்கும் கை தயங்குகிறது. நம் ஊரில் மார்ச் 20 சிட்டுக்குருவி தினம் என்றால் பள்ளிக்கூடங்களில் அட்டைப்பெட்டிக் கூடு கொடுக்கிறோம். பரணில், போட்டோவுக்குப் பின்னால் அது கூடு கட்டினால் கலைக்கக் கூடாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அங்கே அது நம் வீட்டுப் பறவை. இங்கே கதை வேறு. 1851-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் மனிதர் கொண்டுவந்து விட்டதுதான் இந்தச் சிட்டுக்குருவி. 1890-ல் அதே நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் இன்னொன்றை விட்டார்கள்: ஐரோப்பிய ஸ்டார்லிங், நம் மைனாவின் குடும்பம். இரண்டும் பொந்தில் கூடு கட்டுபவை. குளிர்காலத்தில் எங்கும் போகாமல் இங்கேயே இருப்பதால், மார்ட்டின் பிரேசிலிலிருந்து வந்து இறங்கும் முன்பே பொந்தையெல்லாம் பிடித்துக்கொள்கின்றன. சிட்டுக்குருவி மார்ட்டினின் முட்டையைக் குத்தி உடைக்கும், கண் திறக்காத குஞ்சை இழுத்து வெளியே தள்ளும். ஸ்டார்லிங் இன்னும் முரடு. வளர்ந்த மார்ட்டினையே அறைக்குள் வைத்துக் கொன்றுவிடும். என் வீட்டில் மூன்றாவது வருடம், ஒரே காலையில், புல்வெளியில் நாலு குஞ்சு கிடந்தது. அன்றைக்குத்தான் என் தயக்கம் போனது.

1918-ன் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் மார்ட்டின் உட்பட இந்நாட்டுப் பறவைகளைக் காக்கிறது. சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும் அந்தச் சட்டத்துக்குள் வராது. அவற்றின் கூட்டைக் கலைக்கலாம், பொறிவைத்தும் பிடிக்கலாம். ஆனால் கையை வைக்கும் முன் அது சிட்டுக்குருவிதான் என்று நூறு சதவீதம் நிச்சயம் செய்துகொள்ளுங்கள். புளூபேர்ட், ரென் மாதிரி பறவைகளும் உங்கள் வீட்டை எட்டிப்பார்க்கும். அவை முட்டையிட்டுவிட்டால் தொடவே கூடாது. அவற்றுக்குத் தோட்டத்தின் வேறு மூலையில் சின்னப் பெட்டி ஒன்று தனியாக வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். குருவி வைக்கோலையும் கந்தலையும் சேர்க்க ஆரம்பித்ததும், முட்டை வைக்கும் முன்பே எடுத்துவிடுகிறேன். மூன்று நாளைக்கு ஒருமுறை விடாமல் எடுத்தால் பல ஜோடிகள் சலித்துப் போய்விடும். மார்ட்டின் பக்கத்து அறையில் முட்டை வைத்தபிறகு இதைச் செய்வது ஆபத்து. கூடு போன ஆண் குருவி ஆத்திரத்தில் அக்கம்பக்கத்து முட்டைகளையெல்லாம் குத்திவிடும். அப்போது அந்தக் குருவியைப் பொறியில் பிடிப்பது ஒன்றே வழி. பிடித்ததை என் கையால் கொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பொறுப்பை அனுபவமுள்ள ஒரு நண்பரிடம் விட்டுவிடுகிறேன். தானே செய்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குருவியைக் குடியிருக்க விட்டுக்கொண்டு மார்ட்டின் வீடு வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட வீடே வைக்காமல் இருக்கலாம்.

இன்னொன்று, நம் வீட்டு அம்மாக்களுக்காகச் சொல்கிறேன். காக்காய்க்கு வைக்கும் சோறு, முற்றத்தில் தூவும் அரிசி, கடையில் மலிவாகக் கிடைக்கும் தினையும் உடைத்த சோளமும் கலந்த தீனி, இவையெல்லாம் நேராகச் சிட்டுக்குருவிக்கு வைக்கும் அழைப்பு. பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை நிறுத்திவையுங்கள்.

ஸ்டார்லிங்குக்கு நல்ல தீர்வு ஒன்று இருக்கிறது, அதுவும் ஒரு வாசலின் வடிவத்தில். வழக்கமான வட்ட வாசல் 2⅛ அங்குலம். அதில் மார்ட்டினும் நுழையும், ஸ்டார்லிங்கும் நுழையும். அதற்குப் பதில் பிறை வடிவில், 3 அங்குல அகலமும் 1 3/16 அங்குல உயரமும் வைத்து வெட்டினால், குட்டைக் கால் மார்ட்டின் நெஞ்சைத் தரையோடு தேய்த்துச் சறுக்கி உள்ளே போய்விடும். கால் நீண்ட, நெஞ்சு அகன்ற ஸ்டார்லிங்கால் முடியாது. அந்த உயரம் நூலிழை கூடினாலும் அது புகுந்துவிடும். பிறையின் அடி விளிம்பு அறைத் தரையோடும் வெளித் திண்ணையோடும் ஏறக்குறைய ஒட்டியிருக்க வேண்டும், அரை அங்குலத்துக்கு மேல் தூக்கக் கூடாது. முதல் வருடத்தில் பாதி வட்டம், பாதி பிறை என்று வையுங்கள். பிறை வாசலுக்குப் பழகாத இளம் பறவை சில நாள் தலையை விட்டு விட்டு எடுக்கும். ஒரு ஜோடி பழகிவிட்டால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். சிட்டுக்குருவிக்கு இந்தப் பிறை ஒரு தடையே இல்லை, அதை மறக்க வேண்டாம்.

நீங்கள் வாங்கிய அலுமினிய வீட்டின் அறைகள் 6க்கு 6 அங்குலமாக இருக்கும் என்று நினைக்கிறேன், பழைய வடிவம் அதுதான். மார்ட்டின் அதிலும் குடியிருக்கும். ஆனால் ராத்திரி ஆந்தை வந்து வாசலில் காலை விட்டால் குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை. மழையும் உள்ளே அடிக்கும். இரண்டு அறைக்கு நடுவிலுள்ள தடுப்பை எடுத்துவிட்டு 6க்கு 12 ஆக்கிவிடுங்கள். 12 அறை ஆறாகும். தொடங்குவதற்கு ஆறு தாராளம். திண்ணைகளுக்கு இடையே தடுப்பு வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆண் ஒரு வரிசை முழுவதையும் தனதென்று சண்டை போடும்.

என்னைக் கேட்டால் குடுக்கைதான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே மார்ட்டின் இன்று ஏறக்குறைய முழுக்க மனிதன் வைக்கும் வீட்டில்தான் கூடு கட்டுகிறது. மேற்கே போனால் இன்றும் பட்ட மரத்தில் மரங்கொத்தி குடைந்த பொந்தில் இருக்கிறது. அரிசோனாவின் பாலைவனத்தில் சகுவாரோ கள்ளிக்குள் இருக்கிறது. கிழக்கில் மட்டும் இந்தப் பழக்கம் எப்படி வந்தது? தொடக்கம் இந்த மண்ணின் பூர்வகுடிகள். 1800களின் தொடக்கத்தில் பறவையியலாளர் அலெக்சாண்டர் வில்சன் பார்த்து எழுதியிருக்கிறார்: சாக்டா, சிக்கசா மக்கள் தங்கள் குடிசைக்குப் பக்கத்தில் ஓர் இளமரத்தின் கிளைகளைக் கழித்து, ஒவ்வொரு கிளையிலும் ஒன்றிரண்டு அடியை மட்டும் விட்டு, அந்த முனைகளில் குடைந்த குடுக்கைகளை மார்ட்டினுக்காகத் தொங்கவிட்டார்கள். மிசிசிப்பிக் கரையில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களும் நீண்ட மூங்கில்களில் குடுக்கை கட்டி வைத்தார்கள். மார்ட்டின் தன் வீட்டருகே வரும் காகத்தையும் கழுகையும் கூட்டமாக விரட்டும். பயிருக்கும் காயவைத்த இறைச்சிக்கும் அது காவல். பிறகு வந்த ஐரோப்பியரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கிராமத்துச் சாராயக்கடைப் பெயர்ப்பலகையின் மேலேயே மார்ட்டின் பெட்டி இருந்ததைப் பறவை ஓவியர் ஆடுபான் பார்த்திருக்கிறார். இப்படித் தலைமுறை தலைமுறையாக, தான் பிறந்த மாதிரியான கூட்டையே தேடும் பறவை மனிதன் வைத்த கூட்டையே வீடென்று நினைத்துக்கொண்டது. அதற்குள் காட்டுப் பொந்துகளைக் குருவியும் ஸ்டார்லிங்கும் பிடித்துவிட்டன. திரும்பிப் போக இடமில்லை. அந்தக் கம்பத்தின் மேல் எனக்கு இவ்வளவு பற்று வந்ததற்குக் காரணம் இதுதான்.

அந்தக் குடுக்கை வேறொன்றும் இல்லை, நம் சுரைக்குடுக்கை. கிணற்றில் நீச்சல் பழக இடுப்பில் கட்டுவோமே, விதை போட்டு வைப்போமே, அதே சுரை. சாம்பாருக்குப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, மாதக்கணக்கில் காயவிட்டு, ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் போடும்போது எடுக்க வேண்டும். காயும்போது மேலே கறுப்பாகப் பூஞ்சை பூக்கும், பயப்பட வேண்டாம், ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். வயிறு 8 முதல் 13 அங்குலக் குறுக்களவு இருக்கட்டும். தொங்கவிட்டுப் பார்த்து, வயிற்றின் மிக அகன்ற இடத்தில் வாசலைக் குறியுங்கள். வாசல் நேராக வெளியே பார்க்க வேண்டும், வானத்தைப் பார்த்தால் மழை இறங்கும். அடியில் அரை அங்குலத் துளைகள் ஐந்தாறு, தண்ணீர் வடிய. கழுத்தில் கம்பி கோக்க ஒரு ஜோடித் துளை, அதற்குக் கீழே காற்றுக்குச் சில சின்னத் துளைகள். உள்ளே சுரண்டும்போது முகமூடி கட்டாயம்; அந்தப் பூஞ்சைத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பிறகு மயில்துத்தம் கரைத்த நீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துக் காயவைப்பார்கள், அழுகாமல் பல வருடம் நிற்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உலோகப் பாத்திரம் கூடாது. கடைசியாக வெளிப்புறத்துக்கு மட்டும் வெள்ளைப் பெயின்ட், இரண்டு பூச்சு. டெக்சாஸ் வெயிலில் வெள்ளை அழகுக்காக அல்ல. கருநிறக் குடுக்கைக்குள் குஞ்சு வெந்துவிடும்.

குடுக்கையை மார்ட்டின் விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. ஆழம் அதிகம், காற்றில் ஆடுவதால் மற்ற பறவைகளுக்குக் கொஞ்சம் அச்சம், ஒவ்வொன்றும் தனியாகத் தொங்குவதால் ஒரு ஆண் பலவற்றைக் காவல் காக்க முடியாது. ஆகவே அதே எண்ணிக்கை அறைகளில் அதிக ஜோடிகள் சேரும். இயற்கைக் குடுக்கைக்கு நேரமில்லை என்றால் பக்கவாட்டில் மூடி வைத்த பிளாஸ்டிக் குடுக்கை வாங்கலாம். உள்ளே பார்ப்பது அதில் சுலபம்.

அந்த இளம் பறவையைக் கூப்பிட ஒரு வழி விடியல் பாட்டு. வளர்ந்த ஆண் மார்ட்டின் பொழுது விடியும் முன், இருட்டிலேயே உயரே பறந்து பாடும். கடந்துபோகும் இளசுகள் அதைக் கேட்டு இறங்கும். அதன் ஒலிப்பதிவு கிடைக்கிறது. காலை நாலு மணிக்குத் தொடங்கி விடியும்வரை மெல்ல ஓடவிடலாம். பக்கத்து வீட்டில் தூங்குபவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் செய்த பொம்மை மார்ட்டின் ஒன்றிரண்டைக் கம்பத்தில் வைப்பதும் உதவும்.

வந்துவிட்டால்? எனக்கு இரண்டாம் வருடம் ஐந்து ஜோடி வந்தது. மே மாதம் ஒரு காலை, ஐந்து குடுக்கையும் காலி. ரத்தம் இல்லை, இறகு இல்லை. அதுதான் பாம்பின் அடையாளம். டெக்சாஸ் ராட் ஸ்னேக் வழவழப்பான இரும்புக் கம்பத்திலும் சர்வசாதாரணமாக ஏறும். நான் கம்பத்துக்குத் தடுப்பு வைக்கவில்லை. அடுத்த வருடம் அந்தப் பறவைகள் எதுவும் திரும்பவில்லை; குஞ்சு தேறாத இடத்துக்கு அவை எதற்கு வர வேண்டும். புது இளசுகளை நம்பித் திரும்ப ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. கம்பம் நடும் அன்றே, பறவை வரும் முன்னே, அகலமான தகரக் குழாயோ கூம்போ தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் மாட்டிவிடுங்கள். ரக்கூனும் அதில் நிற்கும். பாம்புக்கு இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் அதற்குக் கீழே தோட்டத்து வலையைச் சுருட்டிக் கட்டலாம், ஆனால் தினமும் பார்த்து, சிக்கிய பாம்பைக் கத்தரித்து விடுவித்துத் தூரத்தில் விட வேண்டும். தீ எறும்பு ஏறாமலிருக்கக் கம்பத்தின் ஒரு முழத்துக்கு கிரீஸ் தடவுங்கள். ஆந்தைக்கும் பருந்துக்கும் வீட்டைச் சுற்றிக் கம்பிக் கூண்டு.

கூட்டை ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் பாட்டிமார் சொன்னது மார்ட்டினுக்குப் பொருந்தாது. பகலில் சட்டென்று இறக்கி, பார்த்து, எழுதி, ஏற்றிவிட்டால் இரண்டு நிமிடத்தில் வந்து உட்காரும். ஒவ்வொரு அறைக்கும் எண் போட்டு, தேதியோடு நோட்டில் குறியுங்கள். தினம் ஒன்றாக நாலைந்து முட்டை. வைக்கும் முன்னும் பின்னும் பச்சை இலைகளைக் கொண்டுவந்து கூட்டில் பரப்பும், அதைக் குப்பையென்று எடுக்காதீர்கள். அடைகாப்பு 15, 16 நாள். பொரித்து 26 முதல் 32 நாளில் குஞ்சு பறக்கும். பொரித்து 22 நாளானபின் அந்த அறையைத் திறக்கவே கூடாது. பயந்து முன்னதாகக் குதித்துவிடும். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் அதன் வயதுக் குஞ்சுகள் இருக்கும் அறையில் வைத்துவிடுங்கள். உங்கள் நோட்டு அங்கேதான் உதவும். கூட்டில் பேனும் ஈப்புழுவும் பெருகினால் பழைய கூட்டை எடுத்துவிட்டு உலர்ந்த மரச்சீவலில் அதே பள்ளம் செய்து குஞ்சுகளைத் திரும்ப வையுங்கள். பூச்சிமருந்து வேண்டாம். வறுத்துப் பொடித்த முட்டையோட்டைத் தட்டில் வைத்தால் முட்டையிடும் காலத்தில் விரும்பிப் பொறுக்கும்.

மார்ட்டினுக்குப் பருந்தைவிடப் பெரிய எதிரி குளிர்மழை. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பூச்சி பறக்காது. மூன்று நாலு நாள் நீடித்தால் பட்டினியில் செத்துவிழும். 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் நாள்கணக்கில் பெய்த மழையால் பென்சில்வேனியா பக்கம் மார்ட்டின்கள் கொத்துக்கொத்தாக மடிந்தன. 2021 பிப்ரவரிப் பனி நமக்கே நினைவிருக்கும். கரண்ட் இல்லாமல் நாம் போர்வைக்குள் இருந்தபோது, முந்தி வந்த பறவைகள் கூட்டுக்குள்ளேயே உறைந்தன. அப்படியான நாளில் வெட்டுக்கிளிப் பூச்சியை, அது இல்லையென்றால் எண்ணெயில்லாமல் பொரித்த முட்டைத் துண்டை, கரண்டியில் வைத்து ஆகாயத்தில் சுண்டிவிட்டுப் பழக்கலாம். ஒரு பறவை அது தின்னக்கூடியது என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றவை பின்னாலேயே வரும்.

கொசு விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான். ஒரு மார்ட்டின் நாளொன்றுக்கு 2,000 கொசு தின்னும் என்ற பேச்சை நாடெங்கும் பரப்பியது இல்லினாயின் கிரிக்ஸ்வில் என்ற சிற்றூர். 1960களில் அங்கே டிவி ஆன்டெனா செய்துகொண்டிருந்த தொழிற்சாலையை ஜே. எல். வேட் அலுமினிய மார்ட்டின் வீடு செய்யும் ஆலையாக மாற்றினார். ஊர் நடுவில் சுமார் 70 அடி உயரத்தில் 562 அறை கொண்ட கோபுரம் இன்றும் நிற்கிறது. அவர் மார்ட்டினுக்குச் செய்த நன்மை பெரிது, ஆனால் அந்தக் கொசுக் கணக்கு உண்மையில்லை. மார்ட்டின் பகலில் உயரே வேட்டையாடுகிறது. கொசு அந்தியில் தாழப் பறக்கிறது. அது பிடிப்பது தும்பி, வண்டு, வண்ணத்துப்பூச்சி, ஈ. நமக்கு ஆறுதல் வேண்டுமென்றால் ஒன்று சொல்லலாம்: இனப்பெருக்கத்துக்குப் பறக்கும் தீ எறும்பு ராணிகளை அது ஏராளமாகப் பிடித்துத் தின்கிறது. டெக்சாஸில் வெறுங்காலோடு புல்லில் நின்றவருக்கு அதன் அருமை தெரியும்.

ஜூன் கடைசியில் குஞ்சுகள் கிளம்பியதும் வீடு வெறிச்சோடும். எங்கும் போய்விடவில்லை, ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் சேருகின்றன. ஜூலையில் ஆஸ்டின் வந்தால் மாலையில் அவை தங்கும் கடைவளாகத்து மரங்களைப் பாருங்கள். உள்ளூர்ப் பறவைச் சங்கத்தார் அங்கேயே நின்று வருபவர்களுக்கு விளக்கிச் சொல்வார்கள். இருட்டும் நேரத்தில் புகை இறங்குவதுபோல வானத்திலிருந்து கொட்டும். விடியற்காலையில் அவை கூட்டமாகக் கிளம்புவது வானிலை ரேடாரில் வளையமாகத் தெரியும். அங்கிருந்து பிரேசில். திரும்பி வரும் வேகம் வேறு: கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வாளர் பிரிட்ஜெட் ஸ்டச்பரி குழுவினர் முதுகில் சின்னக் கருவி கட்டி அனுப்பிய ஒரு பெண் மார்ட்டின், அமேசான் பகுதியிலிருந்து பென்சில்வேனியாவுக்குச் சுமார் 7,500 கிலோமீட்டரை 13 நாளில் கடந்து வந்தது. 2009-ல் இதை வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் வாங்கி அடுக்கும் முன், ஜனவரியிலேயே அந்தப் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர் கம்பம் எப்படி இறங்குகிறது, எந்த வாசல் வைத்திருக்கிறார், போன வருடம் எந்தத் தேதியில் முதல் பறவை வந்தது என்று கேளுங்கள். இங்கே மார்ட்டின் காலனி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள். கம்பத்தை இறக்கி ஏற்றக் கூட ஒரு கை இருந்தால் போதுமென்று இருப்பார்கள். இந்த வசந்தத்தில் அவருடைய குடுக்கைகளை அவரோடு சேர்ந்து நாலு முறை இறக்கிப் பார்த்தால், நான் இங்கே எழுதியதில் பாதியை உங்கள் கையே கற்றுக்கொள்ளும். அவரிடம் இடமில்லாமல் சுற்றும் திட்டு விழுந்த இளசு ஏப்ரலிலோ மேயிலோ உங்கள் புல்வெளிக்கு வரும்போது, அதற்கு வாசல் திறந்திருக்கும்.